எத்தினி சொன்ன?

தன் வீட்டிலிருந்து தன்னையே கொஞ்ச நேரம் வெளியே போய் இருக்கச் சொல்லி ஒரு பெண் சொல்லுவாள் என்று சுந்தரமூர்த்தி அறுபத்து நாலு வயது வரைக்கும் நினைத்துப் பார்த்ததில்லை. அதிலும் அவள் சொன்ன விதத்தில் கோபித்துக்கொள்ளவும் வழி இல்லை. கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி பதமாகச் சொன்னாள்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. அம்மாவ தனியா வெச்சித்தான் கேக்கணும். அப்டித்தான் ரூல்ஸு."

"நான்தான் எல்லாம் சொல்லிட்டனேம்மா. அவ தனியா இன்னா சொல்லப் போறா?"

"அவங்க பதில் அவங்களுதுங்க."

கவிப்பிரியா என்று பெயர். மணவூர்க்காரி. சென்னையில் இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்துக்காகக் கணக்கெடுக்க வந்திருந்தாள். கிராமத்தில் இருக்கிறவர்கள், டவுனில் இருக்கிறவர்கள், சென்னையில் இருக்கிறவர்கள், இவர்களில் யார் எந்த அளவுக்குச் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று பார்க்கிறார்களாம். அரை மணி நேரம் அவனிடம் கேட்டாள். வயசு, சாதி, எட்டாவதோடு நின்ற படிப்பு, மூணு ஏக்கர் நிலம், பஸ் நிற்கிற இடம் எவ்வளவு தூரம், மகனும் மகளும் எங்கே இருக்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேரோடு பேசுவீர்கள் என்று கூட ஒரு கேள்வி இருந்தது. "நாப்பது அம்பது பேரு இருப்பாங்க" என்று சிரித்தான். கடைசியில் ஒரு ஏணிப் படத்தைக் காட்டினாள். பத்துப் படி. மேல் படி என்றால் உங்களுக்கு இதைவிட நல்ல வாழ்க்கை இல்லை, கீழே என்றால் இதைவிட மோசம் இல்லை. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

"ஒம்போது" என்றான் சுந்தரமூர்த்தி, யோசிக்காமல். "பத்து சாமிக்கு இருக்கட்டும்."

அது பொய் இல்லை. வெளியே வந்து புங்க மரத்து நிழலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தபோதும் அவனுக்கு அப்படித்தான் தோன்றியது. திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகிற சாலையில் இறங்கி, ஊரைத் தாண்டி, ஏரிக்கரை மேலேயே முக்கால் மைல் வந்தால்தான் அவன் வீடு. சுற்றிலும் கழனி. ஒரு பக்கம் கரும்பு, ஒரு பக்கம் நெல், வடக்கே பம்புசெட்டு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் தம்பியோடு பாகம் பிரிந்து மனஸ்தாபமானபோது, ஊருக்குள் இருந்த பங்கை விட்டுக் கொடுத்துவிட்டு இங்கே வந்து கட்டினான். யார் மூஞ்சியிலும் முழிக்க வேண்டியதில்லை. காலையில் கதவைத் திறந்தால் கரும்புத் தோகைக்கு மேலே மலை தெரியும். சென்னைக்காரன் கோடி கொடுத்தாலும் கிடைக்காது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வான்.

இருபது நிமிஷம் என்று சொன்னவள் ஒரு மணி நேரமாகியும் வெளியே வரவில்லை. ஃபேன் சத்தத்தில் வார்த்தைகள் பிடிபடவில்லை, ஆனால் பேசுவது கோவிந்தம்மாள்தான் என்று தெரிந்தது. அவள் குரல் ஏறியது, இறங்கியது, ஒரு இடத்தில் சிரித்தது, மறுபடி நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. கல்யாணமாகி முப்பத்தொன்பது வருஷத்தில் அந்தக் குரலை ஒரே மூச்சில் இவ்வளவு நேரம் கேட்டிருக்கிறோமா என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. கோவிந்தம்மாளும் மணவூரில் பிறந்தவள்தான். அந்தப் பெண் ஊர்ப் பெயரைச் சொன்னவுடனே, "ஸ்டேஷனுக்கு இந்தாண்டயா அந்தாண்டயா?" என்று கேட்டு முகமெல்லாம் விரிந்தது. ஊர்க் கதை பேசுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டான். பிறகு சத்தம் நின்றது. யாரோ மூக்கைச் சிந்துவது கேட்டது.

கவிப்பிரியா வெளியே வந்தபோது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைப் போடுவதிலேயே கவனமாக இருந்தாள். கோவிந்தம்மாள் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவந்து நீட்டினாள். "வாங்கக் கூடாதும்மா" என்று அந்தப் பெண் அவள் கையை மட்டும் ஒரு தரம் பிடித்துவிட்டு, ஏரிக்கரை மேல் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு போனாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது சுந்தரமூர்த்தி கேட்டான்.

"எத்தினி சொன்ன?"

"எதுக்கு?"

"அந்த ஏணிக்கு."

கோவிந்தம்மாள் குழம்பை ஊற்றினாள். "அத யாராண்டயும் சொல்லத் தேவையில்லன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சி."

"நான் யாரோவா?"

அவள் கோபப்படவும் இல்லை. தட்டில் சோறு குறைந்ததைப் பார்த்து இன்னும் கொஞ்சம் வைத்தாள். அவனுக்கு அது வினோதமாக இருந்தது. இந்த வீட்டில் அவன் கேட்டு ஒரு பொருள் கிடைக்காமல் போனதில்லை.

மறுநாள் டீக்கடையில் இதே பேச்சு. ஊரில் பதினைந்து வீட்டில் எடுத்திருந்தார்கள். டீக்கடைக் கூட்டாளி கோதண்டபாணி தன் பங்குக்கு ஏழு சொன்னதாகவும், தன் மனைவி எட்டு சொன்னதாகவும் பெருமையாகச் சொன்னான். "என்னய விட அவ சந்தோஷமா கீறா, பாத்துக்க. உன் வூட்ல எத்தினி?"

"ஒம்போது" என்றான் சுந்தரமூர்த்தி. "ரெண்டு பேருமே ஒம்போது."

சொல்லிவிட்டு டீ கிளாஸைப் பாதியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டான். ஒரு வார்த்தைப் பொய்தான். ஆனால் டி.வி.எஸ்ஸில் ஏரிக்கரை மேல் வரும்போது அது கூடவே வந்தது.

அதற்கப்புறம் அவன் அவளைக் கவனிக்கத் தொடங்கினான். கவனிக்கக் கவனிக்கத் தெரிந்ததெல்லாம் அவள் ஒன்றும் செய்வதில்லை என்பதுதான். அதாவது வேலை செய்தாள். மாடு பிடித்துக் கட்டினாள், தண்ணி காட்டினாள், துணி துவைத்தாள், சமைத்தாள். ஆனால் அதற்கு நடுவில், எருமுட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும்போது, கை அப்படியே நின்றுவிடும். ஏரிக்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பாள். கரை மேல் யாரும் இருக்க மாட்டார்கள். அவன் காலையில் பால் எடுத்துக்கொண்டு போனால் எட்டு மணிக்கு வருவான். சாப்பிட்டுவிட்டுச் சர்க்கரை ஆலையின் கரும்பு ஆபீஸ், உரக்கடை, யாராவது வீட்டு விசேஷம். சாயங்காலம் மறுபடி டீக்கடை. அவன் இல்லாதபோது இங்கே என்ன நடக்கிறது என்று அவன் கேட்டுக்கொண்டதே இல்லை. நடக்க என்ன இருக்கிறது?

நாலு வருஷத்துக்கு முன்னால், மகன் பூபாலனுக்கு ஆவடியில் யுவஸ்ரீ பிறந்தபோது, கோவிந்தம்மாள் மூணு மாசம் அங்கே போய் இருந்தாள். கரும்பு வெட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள், யார் ஆக்கிப் போடுவார்கள் என்று இவன் போய் அழைத்து வந்தான். அந்தக் கதையை அவன் பல பேரிடம் சொல்லியிருக்கிறான். "கெளம்புன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். அரை மணி நேரத்துல பெட்டிய கட்டினா." இப்போது அதே கதை வேறு மாதிரி ஞாபகத்துக்கு வந்தது. அவன் போய்ச் சேர்ந்தபோது அவள் வீட்டில் இல்லை. மருமகள் கவிதா, "அத்த மொட்ட மாடில கீறாங்க மாமா" என்றாள். மேலே ஏறிப் போனால் ஏழெட்டுப் பெண்கள். வடகம் காய வைத்துக்கொண்டு, ஒரு தெலுங்குக்காரி ஏதோ சொல்ல, கோவிந்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "இன்னும் ஒரு மாசம் இருந்துட்டு வரட்டா?" என்று கேட்டாள். ஆம், கேட்டாள். அதை அவன் கதையில் சேர்த்துச் சொன்னதில்லை.

அடுத்த வாரம் கரும்பு ஆபீஸில் ஆதார் நகல் கேட்டார்கள். பீரோவில் அவன் அட்டையும் அவள் அட்டையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் இருக்கும். உறையைத் திறந்தபோது அவள் ஆதாரின் பின்னால் ஒரு சின்ன மஞ்சள் சீட்டு இருந்தது. ஒரு போன் நம்பர். அதற்குக் கீழே, 'வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றினால், எந்த நேரமும் கூப்பிடுங்கள்.' ஓரத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர்.

அவன் அதை மூணு தரம் படித்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் மாதிரி விரலை வைத்துப் படித்தான். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராகக் கோதண்டபாணி வீட்டுக்குப் போனான். அந்தப் பெண் போகும்போது ஏதாவது சீட்டு கொடுத்தாளா என்று கேட்டான். கோதண்டபாணியின் மனைவி யோசித்துவிட்டு, "இல்லியேண்ணா. எதனா பணம் வருதா?" என்றாள்.

கவிப்பிரியா அந்த வாரம் அம்மையார்குப்பத்தில் எடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். போனான். தறித் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. தெருவே அதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டு வாசலில் அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என்னத் தெரியுதா? ஏரிக்கரை வூடு."

அவள் காதுக்குப் பக்கத்தில் கையை வைத்தாள். கேட்கவில்லை. அவன் குரலை உயர்த்தினான். இன்னும் உயர்த்தினான். கடைசியில் தொண்டை கிழியக் கத்தினான். "என் பொண்டாட்டி எத்தினி சொன்னா?"

கத்தி முடிப்பதற்குள் கரண்ட் போனது. தெருவிலிருந்த அத்தனை தறியும் ஒரே நேரத்தில் நின்றது. அவன் குரலின் கடைசிப் பாதி மட்டும் அந்த நிசப்தத்தில் தனியாக நின்றது. குழாயடியில் குடம் வைத்திருந்த பெண்கள் திரும்பினார்கள். வாசலுக்கு வந்த ஒரு தறிக்காரன் அவனை மேலும் கீழும் பார்த்தான்.

கவிப்பிரியா அவனைத் தண்ணி டேங்க் பக்கம் அழைத்துப் போனாள். "ஐயா, அத நான் சொல்ல முடியாதுங்க."

"அவ என் பொண்டாட்டிம்மா."

"அதனாலயும்தாங்க."

அவன் பையிலிருந்து சீட்டை எடுத்தான். "இத யாருக்குக் குடுப்ப?"

அவள் சீட்டைப் பார்த்தாள். அவனைப் பார்க்கவில்லை. "எல்லாருக்கும் குடுப்போங்க."

"எனக்குக் குடுக்கல. கோதண்டபாணி வூட்ல குடுக்கல."

அவளுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. நெற்றியில் வியர்வை வழிந்தது, துடைக்கவில்லை. "இத எடுத்த எடத்துலயே திரும்ப வெச்சிடுங்க ஐயா. நீங்க பாத்தத காட்டிக்க வேணாம்." பிறகு மெதுவாகக் கேட்டாள். "இப்ப வூட்ல அம்மா தனியாவா கீறாங்க?"

"ஆங். தனியாத்தான்" என்றான். பிறகு, அவள் கேட்காமலேயே, "எப்பவும் தனியாத்தான்" என்றான்.

அம்மையார்குப்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழி அன்றைக்குத்தான் அவ்வளவு நீளமாக இருந்தது. டி.வி.எஸ் அதற்கு மேல் வேகமாகப் போகாது. ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்து அவனைத் தாண்டிப் போனது. ஏரிக்கரை மேல் திரும்பியதும் வீடு தெரிந்தது. நாலு பக்கமும் பச்சை, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. மேலே இருந்து பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரியும் என்று முதல் முறையாக நினைத்தான்.

கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை. "கோவிந்தம்மா" என்று கூப்பிட்டான். மாட்டுக் கொட்டகையில் இல்லை. கூப்பிட்டுக்கொண்டே பின்பக்கம் ஓடினான். தூரத்தில், வரப்பு மேல், அவள் புல் அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஒரு நிமிஷம் பம்புசெட்டு அறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு அறைக்குள் போய், அலமாரியில் இருந்த பூச்சி மருந்து பாட்டில்களையெல்லாம் யூரியாச் சாக்கில் அள்ளிப் போட்டுக் கட்டினான். கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவள் தலையில் புல்லுக்கட்டோடு எதிரே நின்றாள்.

"அத எங்க எடுத்துகினு போற?"

"கோதண்டபாணி கேட்டான்."

"எல்லாத்தயுமா?"

அவள் புல்லுக்கட்டை இறக்கினாள். அவன் சட்டைப் பையில் மஞ்சளாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சீட்டை அவள் பார்த்ததை அவன் பார்த்தான்.

"மருந்த எடுத்துனு போய்டுவ" என்றாள். "கெணத்த எங்க கொண்டு போய் வைப்ப?"

குரலில் சண்டை இல்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரிதான் இருந்தது. சுந்தரமூர்த்தி சாக்கைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எங்கம்மாவ பதினோரு வருசம் பாத்துகினியே, அதாலயா?" என்று கேட்டான். "படுக்கைல கெடந்தத எல்லாம் நீதான அள்ளின. அந்த வெறுப்பா?"

கோவிந்தம்மாள் அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள். "ஒங்கம்மா இருந்த வரிக்கும் பேச ஒரு ஆளு இருந்துச்சி. திட்டும், ஆனா பேசும். அது போயி ஆறு வருசம் ஆவுது. பூபாலன் போயிட்டான், சுதா கட்டிக்கினு சித்தூரு போயிட்டா. நீ காத்தால போனா சோத்துக்கு வர்ற. நான் மாட்டாண்ட பேசறேன். ஒரு நாளு, மாடு திரும்பிப் பாத்துச்சி, நான் சொன்னதுக்கு அது தலய ஆட்டினாப்புல இருந்துச்சி. அன்னிக்குப் பயந்துட்டேன்."

"சொல்லியிருக்கலாமில்ல."

"இன்னான்னு சொல்றது? சோறு இல்லியா, துணி இல்லியா? நீ அடிக்கறியா?" அவள் கட்டிலிருந்து ஒரு புல்லை உருவி விரலில் சுற்றினாள். "சாவணும்னு இல்ல. காத்தால முழிப்பு வந்தா, இன்னொரு நாளான்னு இருக்குது. அவ்ளோதான். அந்தப் பொண்ணு ஏணிய காட்டி எங்க நிக்கறீங்கன்னு கேட்டா. ஏணி மேல இல்ல, கீழ தரையில நிக்கறேன்னேன். அப்டி எழுத முடியாதும்மா, ஒரு நம்பர் சொல்லுங்கன்னா. எழுதிக்கோ, சைபர்னு சொல்லிட்டேன்."

அவன் கேட்டு அலைந்தது அந்த எண்ணுக்காகத்தான். கிடைத்ததும் அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அந்த நம்பருக்கு ரெண்டு வாட்டி போன் பண்ணேன்" என்றாள் அவள்.

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. நான் பேசினேன். கேட்டுகினு இருந்தாங்க."

கரும்புக்குள் காற்று போகும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவனுக்குப் பிடித்தமானது. தூக்கம் வரும் என்பான். அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் இருப்பதைப் பார்த்தான்.

"பூபாலன் வூட்டுக்குப் போறியா?"

"அது கவிதாவோட வூடு. ஒரு மாசம் போலாம். அங்கியே போயி குந்திக்க முடியாது." பிறகு அவள் அவன் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாள், இதை முன்னாலேயே பல தரம் சொல்லிப் பார்த்தவள் மாதிரி. "எனக்கு ரோட்டு மேல ஒரு வூடு வேணும். திருத்தணில. கதவத் தொறந்தா யாராவது போவணும், வரணும்."

"மாடு? கழனி?"

"கழனி எங்க போவுது? பஸ்ஸு ஓடுது. நீ பாத்துக்க."

"அப்ப நானு?"

அவள் புல்லுக்கட்டைத் தூக்கி விடச் சொல்லித் தலையைக் குனிந்தாள். அவன் தூக்கி விட்டான்.

அன்று சாயங்காலம் அவன் டீக்கடைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அவள் பின்னாலேயே கொட்டகைக்கும் கிணற்றடிக்கும் நடந்தான். என்ன பேசுவதென்று தெரியாமல் மாட்டைப் பற்றியே பேசினான். நாலாம் நாள் அவளே, "எதுக்கு என் காலச் சுத்திகினே கீற? போயி டீ குடிச்சிட்டு வா" என்றாள். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பார்க்காமல் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான். பூபாலனுக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவன், "நைனா, நான் ஞாயித்துக்கிழமை வர்றேன், அம்மாவ ஒரு டாக்டராண்ட காட்டலாம்" என்றான். போய்க் காட்டினார்கள். மாத்திரை கொடுத்தார்கள். கோவிந்தம்மாள் ஒழுங்காகப் போட்டுக்கொண்டாள். வீடு பார்ப்பதை மட்டும் விடவில்லை.

ஒரு வியாழக்கிழமை திருத்தணியில், மலையடிவாரத்துக்குப் போகிற சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், ஒரு போர்ஷன் காலியாக இருப்பதாகத் தெரிந்து இருவரும் போனார்கள். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர் கைக்கு எட்டும். கரும்பும் இல்லை, மலையும் தெரியாது. மலையின் அடியிலேயே இருந்தால் மலை எப்படித் தெரியும். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகளோடு ஆந்திராக்காரக் குடும்பம் ஒன்று தெலுங்கில் வழி கேட்டுக்கொண்டு போனது. ஆட்டோ, ஒலிபெருக்கி, யாரோ குழந்தையை அடிக்கிற சத்தம். சுந்தரமூர்த்திக்குத் தலை வலித்தது. இங்கே ஒரு நாள் தன்னால் தூங்க முடியாது என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அங்கே, அந்தக் கழனி வீட்டில், தனியாக ஒரு நாள் இருக்க முடியாது என்பதும் தெரிந்தது.

வீட்டுக்கார அம்மா சாவியை அவன் கையில் கொடுத்து, உள்ளே இன்னொரு தரம் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். "எத்தினி பேருங்க இருக்கப் போறீங்க? ரெண்டு பேருமா, இல்ல அம்மா மட்டுமா?"

அவன் திரும்பிக் கோவிந்தம்மாளைப் பார்த்தான். அவள் அறைக்குள் இல்லை. பக்கத்து வாசற்படியில் ஒரு பெண் முறத்தில் மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கோவிந்தம்மாள் தெருவில் நின்றபடி அவளிடம் ஏதோ கேட்டாள். அந்தப் பெண் தெலுங்கில் என்னவோ சொல்லிச் சிரித்தாள். கோவிந்தம்மாள் புடவையைச் செருகிக்கொண்டு படியில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலேயே முறத்திலிருந்து ஒரு கை காயை அள்ளித் தன் மடியில் போட்டு உரிக்க ஆரம்பித்தாள்.